பத்து நாள் முந்திய வாத்து

அத்தியாயம் 5

இறகுகளைப் பிடுங்கி, மூட்டையில் போட்டு, வாயைக் கட்டி வைத்துவிட்டுப் போகும் நரியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"நரிதாம்மா," என்றாள் ஜோனெட், வைக்கோல் போருக்குப் பின்னாலிருந்து அந்த மூட்டையை இழுத்துக்கொண்டே. "நொண்டி வாத்தை நேத்து சாயங்காலத்துல இருந்து காணோம். நரிதான் தூக்கிட்டுப் போயிருக்கணும்."

"மூட்டையைப் பிரிச்சுப் பாரு."

பிரித்தாள். வெள்ளை இறகுகள். ஒன்றுகூட வெளியே சிந்தாமல், அமுக்கி அடைத்திருந்தது.

"நல்ல குடும்பத்து நரி போலிருக்குங்க."

"கயிறைக் கொடு."

முடிச்சு பாதி அவிழ்ந்த நிலையில் இருந்தது. ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சு. குதிரையை அவசரமாக அவிழ்க்க வேண்டியவர்கள் மட்டுமே போடுவது.

"குதிரைப்படை முடிச்சு," என்றேன்.

"அப்போ இது ஓய்வு பெற்ற நரி," என்றாள் ஜோனெட்.

ஜோனெட் எங்கள் வீட்டுக் கோழிகளையும் வாத்துகளையும் பார்த்துக்கொள்கிறவள். கணவனை இழந்தவள், நாற்பது வயது. வாய் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு அடக்கம். எங்கள் பல்டரோக் மாளிகையில் ஒரு கரண்டி காணாமல் போனாலும் கண்டுபிடிக்கிறவள் நான். நான் கண்டுபிடிக்கும்போது பின்னால் நின்று பேசிக்கொண்டே இருக்கிறவள் அவள். பக்கத்து ஊர்ப் பிரபுக்கள் வீட்டில் வெளியே சொல்ல முடியாத சிக்கல் என்றால் குதிரை அனுப்பி என்னை அழைப்பார்கள். கிரிசெல் டன்வுடி கண்டுபிடிப்பாள், வாயைத் திறக்க மாட்டாள் என்று சுற்றுவட்டாரத்தில் பெயர். சம்பந்தப்பட்ட எல்லாரும் இப்போது கல்லறையில் இருப்பதால்தான் இதையும் சொல்கிறேன்.

"சாதாரண வாத்துத் திருட்டுக்கு ஏன்மா இப்படி முகம் வெளுக்குது?" என்றாள் ஜோனெட்.

"இது டிசம்பர் மாசம், ஜோனெட்."

அவள் வாய் மூடிக்கொண்டது. அது அடிக்கடி நடக்கிற விஷயமல்ல.

கிறிஸ்துமஸ் என்பது போப்பின் பழக்கம், போப் சம்பந்தப்பட்ட எதுவும் நம் சபைக்கு ஆகாது என்று எங்கள் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் அதை ஒழித்துச் சட்டம் போட்டிருந்த காலம் அது. டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி எந்த வீட்டிலும் விருந்து சமைக்கக் கூடாது. ஆண்கள் ஏர் ஓட்ட வேண்டும், பெண்கள் வாசலில் உட்கார்ந்து நூல் நூற்க வேண்டும், அதையும் நாலு பேர் பார்க்கும்படி செய்ய வேண்டும். மீறினவர்களுக்கு முக்காலி. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சாக்குத்துணி உடுத்தி, சபை முழுக்கப் பார்க்க, பிரசங்க மேடைக்கு முன்னால் ஒரு முக்காலியில் உட்கார வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் கத்திக்குத்தில் செத்தவர்கள் உண்டு. கடலில் மூழ்கினவர்கள் உண்டு. தூக்கில் தொங்கினவர் ஒருவர் உண்டு; அது அரசியல். முக்காலியில் உட்கார்ந்தவர் கிடையாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினவர்களில் ஒருவன் என் தம்பி.

கர்னல் நினியன் டன்வுடி. பதினெட்டு வயதில் பிரான்சுக்குப் போய், பிரெஞ்சு அரசனின் ஸ்காட்டியக் குதிரைப்படையில் சேர்ந்தான். பாதி வாழ்க்கையை அங்கே சண்டையில் கழித்துவிட்டு, ஒரு மார்புக் கவசம், ஒரு இரும்புத் தொப்பி, பையில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஒரு சிவப்புக் கோட்டு ஆகியவற்றோடு திரும்பி வந்தான். அந்த ஓட்டையைத் தைத்துத் தருகிறேன் என்று நான் சொன்னபோதெல்லாம், "அது வீரத்தோட அடையாளம்க்கா, ஊசி படக்கூடாது" என்பான். பிறகு எங்கள் மாவட்டத்துப் பிரபுக்கள் அவனை எடின்பரோ பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் மறுபடியும் தேர்வு. அந்த இடத்தின் மேல் கண் வைத்திருந்தவர், எங்கள் ஊர்ப் பாதிரியார் ஆபகூக் லம்ஸ்டனின் மச்சான்.

முக்காலியில் உட்கார்ந்தவனை யாரும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப மாட்டார்கள்.

"அம்மா," என்றாள் ஜோனெட் வாசலை எட்டிப் பார்த்து. "பாதிரியார் வர்றாரு. பாலத்துக்கிட்ட. கூட மாவு மில்லு கில்பர்ட்டும் நெசவுக்காரரும் வர்றாங்க."

இரண்டு பேரும் சபை மூப்பர்கள். மூப்பர்களோடு பாதிரியார் நடந்தால் அது சோதனை.

"கில்பர்ட் பொண்ணு காலையில முட்டை வாங்க வந்தப்போ சொன்னா, பெரிய வீட்டு அடுப்பைப் பார்க்கப் போறாங்கன்னு. விளையாட்டுக்குச் சொல்றான்னு விட்டுட்டேன்."

"இன்னைக்கா? தேதி பதினஞ்சுதானே ஆகுது? இருபத்தஞ்சாம் தேதி வீடு வீடா வருவேன்னுதானே ஞாயிற்றுக்கிழமை மேடையில சொன்னாரு?"

"பசி தாங்கலையோ என்னவோ."

அந்தக் கேள்வியை நான் மனதில் ஒரு ஓரமாக வைத்தேன். விடை தெரியாத கேள்வியை நான் தூக்கிப் போடுவதில்லை.

"கேட்டுக்கோ ஜோனெட். யாரோ வெளியாள் நம்ம வாத்தைத் திருடி, நம்ம இடத்துலயே சமைச்சு, தம்பி மேல பழி போடப் பார்க்கிறான். பாதிரியார் வந்து சேர்றதுக்குள்ள அந்த வாத்து எங்கேன்னு தெரியணும்."

"வெளியாளா?" என்று முடிச்சைப் பார்த்தாள் ஜோனெட்.

"வெளியாள்தான்."

"நீங்க சொன்னா சரிங்க."

கூடத்துக்குள் நுழைந்ததும் நின்றேன். கணப்புக்கு மேலே சுவரில் வெளிறின இடம் ஒன்று தெரிந்தது. மனித மார்பு அளவு. அதற்கு மேலே தலை அளவில் இன்னொன்று.

"கவசம் எங்கே? தொப்பி எங்கே?"

"கர்னல் ஐயா தேய்க்க எடுத்துட்டுப் போனாருங்க, காலையில."

"நினியன் எதையாவது தேய்ச்சு நீ பார்த்திருக்கியா?"

"முதுகை, கதவு நிலையில."

நான் அவளை முறைத்துக்கொண்டிருந்தபோதுதான் மாடிப்படியின் கடைசிப் படியில் அது கண்ணில் பட்டது. குனிந்து எடுத்தேன். கறுப்பாக, சுருங்கி, பிசுபிசுப்பாக.

"எலிப் புழுக்கை," என்றாள் ஜோனெட்.

முகர்ந்தேன். "உலர்ந்த திராட்சை."

எங்கள் வீட்டில் காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் கீரைக் கஞ்சி, ராத்திரி உப்பு மீன். திராட்சை பிரான்சிலிருந்து கப்பலில் வந்து எடின்பரோ கடைகளில் விற்பது. வாத்து வயிற்றுக்குள் அடைப்பதற்கு என்றே விற்பது.

"இந்த ஆதாரத்தைப் பத்திரமா வெச்சுக்கோ," என்று அவள் கையில் கொடுத்தேன்.

நடை வாசலில் இரண்டாவது திராட்சை. பின்கட்டுப் படியில் மூன்றாவது. கிணற்றடியில் இன்னொன்று. எல்லாம் பாதையின் இடது பக்கமாகவே கிடந்தன.

"ஜோனெட், இதிலிருந்து என்ன தெரியுது?"

"திருடன் கஞ்சன் இல்லைன்னு தெரியுது."

"யாரும் திராட்சையை வேணும்னு கீழே போட மாட்டாங்க. கையிலிருந்து சிந்தினா மொத்தமா சிந்தும். இது ஒண்ணு ஒண்ணா, ஒரே பக்கமா விழுந்திருக்கு. அப்படின்னா அவனோட கோட்டுல இடது பையில ஓட்டை இருக்கு."

சொல்லி முடித்ததும் பொறுக்கின திராட்சைகளையெல்லாம் அவசரமாக அவள் கையில் திணித்தேன். ஜோனெட் வானத்தைப் பார்த்தாள்.

"ஏன் பேசாம நிக்கிற?"

"நான் என்ன சொல்லப் போறேன்மா?"

"பையில ஓட்டையோட இந்த மாவட்டத்துல எத்தனையோ பேர் இருக்காங்க."

"இருக்காங்கம்மா. ஆனா அவங்க பையில திராட்சை இருக்காது."

"எல்லா ஆதாரத்தையும் கொடு. எண்ணிப் பார்க்கணும்."

அவள் கையைப் பின்னால் மறைத்தாள். உதட்டோரம் பிசுபிசுத்தது.

"ஜோனெட்!"

"பாதிரியார் கையில கிடைச்சா ஆபத்துன்னுதாம்மா அழிச்சேன்."

அவளைத் திட்டுவதற்கு நிமிர்ந்தவள், திட்டாமல் அப்படியே நின்றேன். எங்கள் மாளிகைக் கூரையின் விளிம்பு முழுக்கப் புறாக்கள். அத்தனை குளிரில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, வரிசையாக, வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்பட்ட குடித்தனக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"ஜோனெட், புறாவெல்லாம் ஏன் வெளியே உட்கார்ந்திருக்கு?"

"அதுங்க வீட்டுல விருந்தாளி வந்திருக்கணும்."

தோட்டக் கோடியில் எங்கள் புறாமாடம் இருக்கிறது. கல்லால் கட்டி, தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவம். உச்சியில் புறாக்கள் போய்வர ஒரு துவாரம். அந்தத் துவாரத்திலிருந்து மெல்லிய நீலப் புகை எழுந்துகொண்டிருந்தது. புகையோடு வந்த மணத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. குடும்ப கௌரவத்துக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்திருந்த எனக்கு அந்த ஒரு கணம் வாய் ஊறிவிட்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மாடத்தின் கதவு இடுப்புயரம்தான். நான் யாருக்கும் குனிந்தவளல்ல. ராஜப் பிரதிநிதி வந்தபோதுகூடத் தலையை மட்டும் அசைத்தவள். அன்றைக்குப் புறாமாடத்துக்குக் குனிந்தேன்.

உள்ளே, சிவப்புக் கோட்டு போட்டு, பால் கறக்கும் முக்காலி ஒன்றில் உட்கார்ந்து, கர்னல் நினியன் டன்வுடி எதையோ பிரெஞ்சில் முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தான். எதிரே கரி நெருப்பு. நெருப்பின் மேல், எத்தனையோ ஈட்டிகளைத் தாங்கின அந்த மார்புக் கவசம் மல்லாந்து கிடந்தது. அதற்குள் நொண்டி வாத்து, பொன்னிறமாக. பக்கத்தில் இரும்புத் தொப்பியில் ஏதோ கொதித்தது.

"அக்கா!" என்று எழுந்தான். "சத்தம் போடாதே. தோல் மொறுமொறுன்னு ஆகிற நேரம்."

"டேய்!" என்றேன். அவனை நான் அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நீயே சட்டம் போட்டுட்டு நீயே வாத்து வறுக்கிற? அதுவும் நீ திரும்பி வந்த அன்னைக்கு அப்பா முத்தம் கொடுத்த கவசத்துல?"

"சட்டத்தை மீறலைக்கா. சட்டம் டிசம்பர் இருபத்தஞ்சுக்குத்தானே? இன்னைக்குத் தேதி என்ன?"

"பதினஞ்சு."

"நம்ம ஊர்ல பதினஞ்சு. பிரான்ஸ்ல இன்னைக்குத்தான் இருபத்தஞ்சு. போப் ஒருத்தர் நாட்காட்டியை மாத்தி வெச்சாரு இல்லையா, அதுல அவங்க நம்மளவிடப் பத்து நாள் முன்னாடி ஓடுறாங்க. என் படைக்காரப் பசங்க இந்நேரம் அங்கே வாத்தைச் சுத்தி உட்கார்ந்திருப்பாங்க. நானும் அவங்களோட உட்கார்ந்த மாதிரி. இங்கே கேட்டா, இது வெறும் வியாழக்கிழமை." அவன் முகம் ஒரு பெரிய கோட்டையைப் பிடித்தவன் முகம் மாதிரி இருந்தது. "போன வருஷமும் இப்படித்தான். யாருக்கும் தெரியலை."

"இதையெல்லாம் யோசிச்சுத்தான் பாராளுமன்றத்துல கை தூக்கினியா?"

"அது வேற. முன் வரிசை தூக்கினா பின் வரிசை தூக்கணும். படையில பழகினது."

ஜோனெட் கதவு வழியாகத் தலையை நீட்டினாள். "கர்னல் ஐயா, உள்ளே திராட்சை இன்னும் பாக்கி இருக்கா? ஆதாரம் கொஞ்சம் குறையுது."

"இருக்கு. பையில நிறைய போட்டேன், வழியில பாதியைக் காணோம்."

"வீரத்தோட அடையாளம் வழியா போயிருச்சுங்க."

என் தம்பி சட்டப்படி குற்றவாளி இல்லை. ஆனால் சபையில் சட்டமா பேசும்? கர்னல் வீட்டில் வாத்து வறுபட்டது என்று ஒரு வார்த்தை மேடையிலிருந்து விழுந்தால் போதும், தேதியை யார் பார்ப்பார்கள்? அந்த முக்காலியும் சாக்குத்துணியும் என் கண் முன்னால் வந்தன.

"நெருப்பை அணை. வாத்தைத் தூக்கு," என்றேன்.

"எங்கே தூக்க? சுடுதுக்கா!"

"அம்மா," என்றாள் ஜோனெட். "தூக்க வேண்டாம். வந்துட்டாங்க."

அவள் தலை விலகியது. அந்த இடத்தில் ஒரு அகலமான கறுப்புத் தொப்பி வந்தது. அதன் கீழே பாதிரியார் ஆபகூக் லம்ஸ்டனின் சிவந்த முகம். அதன் பின்னால் தோள்கள். அதோடு நின்றுவிட்டது. அவர் உடம்பின் மிச்சம் அந்தக் கதவுக்கு ஒத்துவரவில்லை.

"ஆஹா!" என்றார், கைகளையும் முழங்காலையும் தரையில் ஊன்றி. "பிடிபட்டீங்க கர்னல்! மூப்பர்களே, மணத்தைக் கவனியுங்க! கில்பர்ட், என்னைத் தள்ளாதே, சாட்சிக்கு மட்டும் பாரு!"

"பார்க்க முடியலைங்க," என்றது வெளியே மில்லுக்காரர் குரல். "நீங்கதான் தெரியறீங்க, முழுசா."

"போன வருஷமும் இதே நாள் இந்தப் பக்கமா வந்தேன்! இதே மணம்! அப்பவே முடிவு பண்ணினேன், அடுத்த வருஷம் கையும் களவுமா பிடிக்கணும்னு!"

ஓரமாக வைத்திருந்த என் கேள்வி அப்போது தானாக எழுந்து வந்து என் முன்னால் நின்றது.

"ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க," என்றேன். "என் தம்பி என்ன தப்பு பண்ணினான்னு மூப்பர்கள் காதுல விழுற மாதிரி சொல்லுங்க."

"கிறிஸ்துமஸ் கொண்டாடறாரு!"

"எப்போ?"

"இப்போ! இன்னைக்கு!"

"இன்னைக்கா அந்த நாள்?"

"பின்னே? நான் பிரான்ஸ்ல ரெண்டு வருஷம் படிச்சவன்!" அவர் அந்தப் படிப்பைப் பற்றி எங்களுக்கு வாரம் தவறாமல் மேடையில் சொல்லுவார். "என்கிட்ட ஏமாத்த முடியுமா? இன்னைக்குத்தான் அங்கே டிசம்பர் இருபத்..."

நிறுத்தினார்.

கவசத்துக்குள் வாத்துக் கொழுப்பு பொரிந்தது.

"சொல்லுங்க ஐயா," என்றேன். "யாரோட நாட்காட்டிப்படி?"

பாதிரியார் வாத்தைப் பார்த்தார். வாத்து அவருக்கு உதவவில்லை.

"கில்பர்ட்," என்று வெளியே குரல் கொடுத்தேன். "நம்ம சபையில இன்னைக்குத் தேதி என்ன?"

"பதினஞ்சும்மா."

"இன்னைக்கு இருபத்தஞ்சுன்னு சொல்றது யாரு?"

மில்லுக்காரர் கில்பர்ட் மெதுவாகப் பேசுகிற, நேர்மையான மனிதர். மாவு அரைப்பது போலத்தான் யோசிப்பார். நேரமாகும், ஆனால் சன்னமாக வரும்.

"போப்புங்க," என்றார். பிறகு: "பாதிரியார் ஐயா, நீங்க இங்கே போப்போட நாட்காட்டியைப் பார்த்தா வந்தீங்க?"

"இல்லை, அது வந்து, குற்றவாளியோட மனசைப் புரிஞ்சுக்க..."

"போன வருஷமும் அதைப் பார்த்துத்தான் வந்தீங்களா?" என்றார் அதுவரை வாயே திறக்காத நெசவுக்காரர்.

"சாமர்த்தியமா கண்டுபிடிக்கிறதுக்காக..."

"ஊருல இன்னைக்கு அந்த வார்த்தையைச் சொன்ன ஒரே ஆளு நீங்கதான் ஐயா," என்றார் கில்பர்ட், மிகுந்த வருத்தத்தோடு. "கர்னல் ஐயா சொல்லலை. அம்மா சொல்லலை. நீங்க ரெண்டு வாட்டி சொன்னீங்க. கிறிஸ்துமஸ், கிறிஸ்துமஸ்னு."

"ஒரு வாட்டிதான்!"

"இன்னைக்கு வியாழக்கிழமைங்க," என்றார் கில்பர்ட், தீர்ப்பு சொல்லும் குரலில். "வியாழக்கிழமை ஒரு மனுஷன் தன் வாத்தைத் தானே திங்கிறதுல சபைக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. ஆனா பாதிரியார் நாட்காட்டி பார்த்த விஷயம்... அது சபைக்கு வரணும் போலிருக்கே. முக்காலி விஷயம் ஆச்சே அது."

கதவில் மாட்டியிருந்த பாதிரியாரின் முகம் வாத்தின் நிறத்திலிருந்து அதன் இறகு நிறத்துக்கு மாறியது.

என் தம்பிக்கு இரக்கம் வந்துவிட்டது. எதிரி விழுந்தால் தூக்கிவிடுகிறவன் அவன். அதனால்தான் கர்னல் பதவியோடு நின்றுபோனான், தளபதி ஆகவில்லை. "அக்கா," என்று என்னைப் பார்த்தான்.

"ஐயா," என்றேன் பாதிரியாரிடம். "கிரிசெல் டன்வுடி வாயைத் திறக்க மாட்டாள்னு உங்களுக்குத் தெரியும். மூப்பர்களும் நான் கேட்டுக்கிட்டா திறக்க மாட்டாங்க. ஜனவரியில உங்க மச்சான் தேர்வுக்கு நிக்கிறதா கேள்விப்பட்டேன்."

"அவனுக்கு உடம்பு சரியில்லை," என்றார் பாதிரியார்.

"அடடா. எப்போதிருந்து?"

"ஜனவரியிலிருந்து."

"நல்லாப் பார்த்துக்கோங்க," என்றேன்.

ஜோனெட்டும் நினியனும் முன்னாலிருந்து இழுக்க, மூப்பர்கள் இருவரும் பின்னாலிருந்து தள்ள, பாதிரியார் ஒருவழியாக உள்ளே வந்து விழுந்தார். மூச்சு வாங்கியது. கண்கள் சுழன்றன. உட்கார ஏதாவது தேடினார். அந்த மாடத்தில் இருந்த இருக்கை ஒன்றே ஒன்றுதான். நினியன் அதைக் காலால் அவர் பக்கம் நகர்த்தினான்.

வாத்து வெட்டப்பட்டது. மூப்பர்கள் குனிந்து உள்ளே வந்தார்கள். வியாழக்கிழமை வாத்தை ஒருமுறை பரிசோதிப்பது தங்கள் கடமை என்றார் கில்பர்ட். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். பாதிரியார் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஜோனெட் அந்தக் கையிலேயே ஒரு தொடைக்கறியை வைத்தாள். குளிருக்காகத் கரி கொண்டுவந்த சாக்கை அவர் தோளைச் சுற்றிப் போர்த்திவிட்டதும் அவள்தான். அவர் மென்றுகொண்டிருந்தார், இரண்டு மூப்பர்களும் அவரையே பார்த்துக்கொண்டிருக்க.

"அம்மா," என்று என் காதில் கிசுகிசுத்தாள் ஜோனெட். "சாக்கு, முக்காலி, மூப்பர்கள். மேடை ஒண்ணுதான் பாக்கி."

"வாயை மூடு," என்றேன். வாய் நிறைய இருந்ததால் அது சரியாக வரவில்லை.

எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் முக்காலியில் உட்கார்ந்ததில்லை என்று முன்பே சொன்னேன். அன்றும் அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் வரவில்லை. வாத்து வெந்தபோது நினியன் உட்கார்ந்திருந்த நேரம் கணக்கில் சேராது. அப்போது சபையார் யாரும் வந்திருக்கவில்லை. வந்த பிறகு, எலும்பு தெரியும் வரை, என் தம்பி நின்றுகொண்டேதான் தின்றான்.